அக்கா எழுதும் கட்டம்

நாற்பத்தொரு வெள்ளைக் கோட்டுகள் நீலமாகிப் போனதற்கு நான்தான் காரணம். மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழியில் பாதி என் அக்காவுக்குச் சேர வேண்டியது. ஆத்திரத்தில் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். ஆத்திரத்தில்தான் சொல்கிறேன், ஆனாலும் அது உண்மை.

நான் ஒரு பெரிய லாண்ட்ரியில் வேலை பார்க்கிறேன். ஓட்டல், மருத்துவமனை, ஆய்வுக்கூடம் என்று மூட்டை மூட்டையாகத் துணி வரும். மெஷினுக்குப் போவதற்கு முன்னால் எல்லாம் என் மேசைக்கு வந்தாக வேண்டும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையை விட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. பேனா, சாவி, பஸ் டிக்கெட், சீப்பு, ஒரு தடவை ஒரு முழுப் பல் செட். எது கிடைத்தாலும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, துணியின் டோக்கன் எண்ணை மேலே எழுதுவேன். காகிதமாக இருந்தால் பிரித்துப் படிக்கக் கூடாது. யாருடையது, எதற்கு என்று யோசிக்கவும் கூடாது. துணிக்காரர் வரும்போது அவர் கையாலேயே கவரைப் பிரிக்க வைப்போம். உள்ளே இருப்பதைப் பார்த்து, இன்ன பொருள், என்னுடையதுதான் என்று அவர் வாயால் சொல்லி நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை அந்தப் பொருளைப் பற்றி லாண்ட்ரியில் யாருக்கும் எதுவும் தெரியாது.

இந்த ஏற்பாடு எனக்கு உயிர். ஊகிக்கவே கூடாது என்று சட்டம் போட்ட மேசை வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

ஏனென்றால் என் வியாதியே ஊகம்தான். டாக்டர் சொல்கிற பெயர் மனச்சிதைவு. இருபத்திரண்டு வயதில் வந்தது, இப்போது எனக்கு நாற்பத்து மூன்று. என் தலைக்குள் ஒருவர் உட்கார்ந்து நேர்முக வர்ணனை செய்துகொண்டிருப்பார். "இதோ, பல் துலக்குகிறான். இதோ, செருப்பைத் தேடுகிறான். கட்டிலுக்கு அடியில் பார்க்கிறான், அங்கேயும் இல்லை." மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் அவர் குரல் பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்கு இறங்கிவிடும். அவரோடு எனக்குப் பெரிய தகராறு இல்லை. தகராறெல்லாம் வெளியே இருக்கிற மனிதர்களோடுதான். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் உள்ளே போகிறேன், பேச்சு நிற்கிறது. என்னைப் பற்றித்தான் பேசினார்களா? பேச்சு தானாக முடிந்துவிட்டதா? என்னை வரவேற்கத்தான் நிறுத்தினார்களா? ஒருவர் சிரிக்கிறார். என்னோடு சேர்ந்தா, என்னைப் பார்த்தா? உங்களுக்கெல்லாம் இது கேட்காமலே தெரிந்துவிடுகிறது. எப்படித் தெரிகிறது என்று கேட்டால் திருதிரு என்று விழிக்கிறீர்கள். எனக்கோ தினமும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

லாண்ட்ரியில் இதற்கு ஒரு வழி பிறந்தது. நீராவிப் பிரஸ்ஸில் நிற்கும் அம்மாவை எல்லோரும் பிரஸ்காரம்மா என்போம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் என்னவோ சத்தம் போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேராகவே கேட்டுவிட்டேன்.

"நீங்க இப்ப கோவமா இருக்கீங்களா, இல்ல உங்க மூஞ்சியே இப்படித்தானா?"

மெஷின் சத்தத்தையும் மீறி மொத்த ஹாலும் சிரித்தது. பிரஸ்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இது கோவம். நல்லாப் பாத்து வச்சுக்க. என் மூஞ்சி இதவிடக் கொஞ்சம் லட்சணமா இருக்கும்."

அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசும்போதெல்லாம் கடைசியில் சொல்லிவிடுவார். "இது கிண்டல்." "இது நிஜம்." "இது பசி, உன்மேல கோவம் இல்ல." பார்த்துப் பார்த்து மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. மேனேஜர்கூட, "நாளைக்கு ஏழு மணிக்கு வரணும், இது உத்தரவு" என்பார். இப்போது நான் பக்கத்தில் இல்லாதபோதும் ஒருவருக்கொருவர் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். சண்டையே குறைந்துவிட்டது என்று பிரஸ்காரம்மா சொன்னார். நிஜம் என்றும் சொன்னார்.

வீட்டில் அக்கா இருக்கிறாள். என்னைவிட நான்கு வயது பெரியவள். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பார்த்துச் சொல்கிற வேலை. வருகிறவர்களுக்கு ஒரு வெற்று ஃபிரேமை மாட்டிவிட்டு, அதில் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள். என்னிடமும் அதே கேள்விதான். எனக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் இரண்டையும் விரித்து வைப்பாள். "ஒண்ணு, மாடி வீட்டுக்காரர் உன்ன வேவு பாக்குறார். ரெண்டு, அவர் வீட்டுப் பூனை வெளிய ஓடிடும், அதான் கதவச் சாத்துறார். எது தெளிவா இருக்கு?" நான் கொஞ்ச நேரம் யோசித்து இரண்டு என்பேன். அத்தோடு விஷயம் முடிந்தது.

இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பக்கத்துக்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் நான் பார்த்தது. இரண்டாவதில் நான் நினைத்தது. மூன்றாவது அக்கா எழுதும் கட்டம், அதில் நான் பேனா வைக்கக் கூடாது. ஆமாம் அல்லது இல்லை என்று அவள் எழுதுவாள். பதினொரு வருடத்தில் ஒன்பது நோட்டு முடிந்து இது பத்தாவது. அக்கா "இல்லை" என்று எழுதிவிட்டால் நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். அவள் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடம் ரோட்டைக் கடந்தேன், வேலைக்குப் போனேன், மனிதனாக நடமாடினேன்.

பத்தாவது நோட்டில்தான் வந்தது வினை.

முதலில் வாளி. அக்கா எப்போதும் இரண்டு கையிலும் இரண்டு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பால்கனிச் செடிகளுக்குப் போவாள். திடீரென்று வலது கையில் மட்டும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு நடை நடந்தாள். இடது கையை விலாவோடு ஒட்டி வைத்திருந்தாள். எழுதினேன். "இல்லை. சுளுக்கு" என்று அவள் கட்டத்தில் எழுதினாள். சரி.

அடுத்து போன். மணி அடித்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "இல்லை. கடை விஷயம்." செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தபோது அவள் மேல் ஸ்பிரிட் வாசனை. "இல்லை. லென்ஸ் துடைக்கிற மருந்து." அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதே வாசனை. அதற்கும் அதே பதில். குளியலறையில் இரண்டு குழாயும் சோவென்று ஓடிக்கொண்டிருந்தன, உள்ளே இருந்தது ஒரு வாளி. "இல்லை. மறந்துவிட்டேன்." என் கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டது என்று அவள் கடைக்குப் போனேன். எப்போதும் என்னைக் கண்டால் சிடுசிடுக்கிற முதலாளி எழுந்து நின்று, "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?" என்றார். திருகை மாட்டி முடிக்கும்வரை நான் உட்காரவே இல்லை. "இல்லை. அவர் நல்ல மனநிலையில் இருந்திருப்பார்."

எங்கள் வீட்டுக்கு எதிர்க் கடை வாசலில் ஒரு சாம்பல் நிற வேன் நின்றது. அக்கா வெளியே போகும்போதெல்லாம் அதுவும் கிளம்பியது. அதையும் எழுதினேன். "இல்லை."

இரண்டாவது கட்டத்தில் எல்லா வரிக்கும் நேராக ஒரே வாக்கியத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா என்னிடம் எதையோ மறைக்கிறாள்.

"ஒண்ணு, நான் மறைக்கிறேன். ரெண்டு, எனக்குக் கையில சுளுக்கு, கடையில வேலை ஜாஸ்தி" என்று அவள் விரித்து வைத்தாள். "எதுடா தெளிவா இருக்கு?"

"ஒண்ணுதான்க்கா தெளிவா இருக்கு."

"மாத்திரை போட்டியா?"

இந்தக் கேள்வி இருக்கிறதே, இது வந்துவிட்டால் அப்புறம் எந்தப் பேச்சும் பிழைக்காது. வெளியே மழை பெய்கிறது என்று நான் சொல்லும்போதுகூட யாராவது இதைக் கேட்டுவிட்டால் தீர்ந்தது, மழை நின்றுவிடும். போட்டேன் என்றேன். நல்ல பிள்ளை என்றாள். போய்ப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் பிரஸ்காரம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். ஒரு பக்கத்தை முழுக்கப் படித்தார்.

"நான் என்னத்தக் கண்டேன்ப்பா? உங்க அக்காவ நான் ரெண்டே ரெண்டு தடவ பாத்திருக்கேன். அவங்க மனசுல என்ன இருக்குன்னு நான் எப்படிச் சொல்ல?"

"சும்மா தோணுறதச் சொல்லுங்க."

"தோணுறதெல்லாம் சொல்லக் கூடாதுன்னுதானே உன் மேசைமேல போர்டு மாட்டி வச்சிருக்கு? தெரியாதுன்னா தெரியாது. இது நிஜம்."

அந்த மாதக் கடைசியில் டாக்டரிடம் போனோம். என் டாக்டர் நல்ல மனிதர், கண்ணைப் பார்த்துப் பேசுவார். ஆனால் நான் எழுதியதை முதலில் எண்ணத் தொடங்கினார். ஒரே மாதத்தில் பதினேழு வரி, பதினேழும் அக்காவைப் பற்றி. பேனாவால் தட்டித் தட்டி எண்ணிவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"இதுல எதாவது உண்மை இருக்காம்மா?"

அக்கா மேசை விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். எனக்கு அது ஏன் என்று தெரியவில்லை. கையில் நோட்டு இருந்திருந்தால் பதினெட்டாவது வரியாக அதையும் எழுதியிருப்பேன்.

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாள்.

"நம்மள நல்லாப் பாத்துக்குறவங்க மேலதான் மொதல்ல சந்தேகம் வரும். சகஜம்தான்" என்று என்னிடம் அன்பாகச் சொல்லிவிட்டு, ராத்திரி மாத்திரையில் ஒன்றைக் கூட்டி எழுதினார்.

அந்த ஒரு மாத்திரை என்ன செய்தது என்று கேளுங்கள். நாக்கு பஞ்சு மூட்டையாகிவிட்டது. காலையில் எழுந்தால் உடம்பு பின்னால் வந்து சேரப் பத்து மணி ஆகும். மூன்றாவது நாள் ஆய்வுக்கூடத்து வெள்ளைக் கோட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று பாக்கெட். கையை விட்டேன், எடுத்தேன், விட்டேன், எடுத்தேன். விட்ட கைக்கு உணர்ச்சியே இல்லை. எந்தக் கோட்டின் எந்தப் பாக்கெட்டிலோ ஒரு மைப்பேனாவை விட்டுவிட்டேன். மெஷின் கதவைத் திறந்தபோது நாற்பத்தொரு கோட்டும் நீலமாக வழிந்தன.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். பிரஸ்காரம்மா ஒரு கோட்டை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "இது வருத்தம்" என்று மட்டும் சொன்னார்.

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். "இது எச்சரிக்கை. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல." பாக்கெட் மேசைக்கு வேறு ஆளைப் போட்டார்கள். என்னை விரிப்பு மடிக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். ஒருவர் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையைப் பிடித்து முன்னால் நடந்து போய்க் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க நடந்து போய்க் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தலை கால் புரியவில்லை. பேனா என் கையில் பட்டும் தெரியவில்லை, அக்காவிடம் இல்லாதது என் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படியென்றால் எதைத்தான் நம்புவது? சிக்னலில் நின்று பக்கத்தில் இருந்தவரிடம், "பச்சைதானே?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அது என்ன மாதிரி என்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் நடந்தார், நானும் அவர் பின்னாலேயே நடந்தேன். லாண்ட்ரியில் தண்ணீர் குடிக்கப் போனால் டம்ளரில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருவரைக் கேட்டுவிட்டுக் குடித்தேன். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரிகிறது. தெரிகிறது என்பதுகூட எனக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு விஷயத்தில்தான் என் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது. என் கண்ணை நான் நம்பலாமா, கூடாதா? நம்பக் கூடாது என்றால் பாக்கெட் மேசை மட்டுமல்ல, ரோடு, டம்ளர், அக்கா முகம் எல்லாமே போச்சு.

ஒன்று மட்டும் இடித்தது. கூடுதல் மாத்திரைக்கு வர்ணனையாளர் அடங்கிப் போய்விட்டார். இருபது வருடத்தில் முதல் தடவையாக நான் பல் துலக்குவதை யாரும் அறிவிக்கவில்லை. அவரே போன பிறகும் அக்காவின் இடது கை மட்டும் விலாவை விட்டு நகரவில்லை. செவ்வாய்க்கிழமை ஸ்பிரிட் வாசனையும் போகவில்லை. மாத்திரைக்கு அடங்காத வியாதியா, இல்லை வியாதியே இல்லையா? யாரைக் கேட்பது? அக்காவைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுத் துணிகளை ஊறப்போட எடுத்தேன். வீட்டிலும் பாக்கெட் பார்க்காமல் நான் ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்ததில்லை. அக்காவின் சாம்பல் நிற ஸ்வெட்டர். இடது பாக்கெட்டில் கையை விட்டேன். மெதுவாகவே விட்டேன், இரண்டு தடவை விட்டேன், நீலக் கோட்டுகளுக்குப் பிறகு எனக்கு அந்தப் பயம் இருந்தது. ஒரு பிளாஸ்டிக் பட்டை வந்தது. கையில் மாட்டியிருந்ததைக் கத்தரிக்கோலால் வெட்டியது போல இருந்தது. அதோடு நான்காக மடித்த ஒரு காகிதம்.

அந்த மாதிரிப் பட்டைகளை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எந்த மூட்டையில் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் யோசிக்கக் கூடாது என்பது சட்டம். காகிதத்தைப் பிரிக்கவில்லை. சட்டத்துக்குப் பயந்து மட்டும் அல்ல. பிரித்துப் படித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், படித்தது சரிதானா என்று கேட்க நான் மறுபடி அக்காவிடம்தானே போக வேண்டும்? அவள் இல்லை என்று எழுதினால்? அந்த எழுத்துகளும் என் தலைக்குள் இருந்து வந்தவை என்று ஆகிவிடும்.

அலமாரியில் இருந்து ஒரு கவரை எடுத்தேன். இரண்டையும் போட்டு ஒட்டினேன். வீட்டுத் துணிக்கு டோக்கன் கிடையாது என்பதால் மேலே இப்படி எழுதினேன்: சாம்பல் ஸ்வெட்டர், இடது பாக்கெட்.

அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கவரை அவள் முன்னால் வைத்தேன். பக்கத்தில் நோட்டு, அதன் மேல் பேனா.

"என்னடா இது?"

"உன் ஸ்வெட்டர்ல இருந்துச்சு. பிரிச்சுப் பாரு. என்ன பொருள்னு சொல்லி, உன்னோடதுன்னா கையெழுத்துப் போடு."

"விளையாடுறியா?"

"இது விளையாட்டு இல்ல. இது வேலை."

கவரின் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"நீ பாத்தியா?"

"கையால பாத்தேன். கண்ணால பாக்கல. படிக்கக் கூடாது, உனக்குத் தெரியாதா?"

கவரைத் தொடாமல் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். லாண்ட்ரி கவுன்ட்டரில் நாங்கள் உட்கார மாட்டோம். கடைசியில் ஓரத்தைக் கிழித்தாள். பட்டையும் மடித்த காகிதமும் மேசை மேல் விழுந்தன.

"கடைக்கு வந்த ஒரு அம்மாவோடது. விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

"சரி. அப்ப என்னோடது இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நான் கொண்டுபோய் அவங்ககிட்டயே குடுத்துடறேன். அவங்க வீடு எங்க?"

பேனாவை எடுத்தாள். மூன்றாவது கட்டத்தில் பேனா முனையை வைத்தாள். அது அங்கேயே நின்றது. பதினொரு வருடமாக "இல்லை" என்ற சொல்லை அந்தக் கட்டத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பாள், கண்ணை மூடிக்கொண்டே எழுதுவாள். இப்போது ஒரு எழுத்து வரவில்லை.

"ஒண்ணு தெளிவாக்கா, ரெண்டு தெளிவா?" என்று கேட்டேன். குத்தலாகக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"ஒண்ணு" என்றாள்.

"என்ன ஒண்ணு?"

"ஒண்ணுதாண்டா. நீ எழுதுனதுதான். நான் மறைச்சேன்." பட்டையைத் திருப்பி அதில் அடித்திருந்த தன் பெயரைக் காட்டினாள். காகிதத்தையும் பிரித்து என் முன்னால் வைத்தாள். "மார்ல ஒரு கட்டி. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணினாங்க. புத்துநோய்னு வந்திருக்கு. ரெண்டு வாரத்துல ஆபரேஷன். இது என்னோடதுதான்."

சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்பா, என் கண் சரியாகத்தான் இருக்கிறது! வாளி உண்மை, பால்கனிக் கதவு உண்மை, ஸ்பிரிட் வாசனை உண்மை. பச்சை பச்சைதான், டம்ளரில் இருந்தது தண்ணீர்தான். அந்த இடத்திலேயே குதிக்கலாம் போல இருந்தது. நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன்.

அக்கா என்னையே பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான், உண்மையாகிப் போனது எது என்பது எனக்கு உறைத்தது. அவள் மார்பு, அவள் இடது கை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கூடவே கோபம் வந்தது பாருங்கள், அடக்க முடியவில்லை.

"டாக்டர் கேட்டாரே! என் முன்னாடிதானே கேட்டாரு! ஒண்ணும் இல்லன்னியே! அவர் மாத்திரைய ஏத்தினாரு, நீ வாங்கி எனக்குத் தண்ணி ஊத்திக் குடுத்தியே! அந்தக் கோட்டெல்லாம் யாரால நீலமாச்சு? நான் சிக்னல்ல நின்னு பச்சை எதுன்னு ஊரையே கேட்டுட்டு அலையிறேன்!"

"அம்மா போனப்ப நீ நாலு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்த. என்னையே உனக்கு அடையாளம் தெரியல. மறுபடி அப்படி ஆயிட்டா..." பட்டையை விரலில் சுற்றினாள். "ஆபரேஷன் முடிஞ்சு சொல்லிக்கலாம்னு இருந்தேன். அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப வாய் தானா இல்லன்னுடுச்சுடா. அப்புறம் திருப்பி எடுக்க முடியல."

"அழுகையா இது?"

"ஆமா. அழுகைதான்."

நோட்டைப் பிரித்து அவள் பக்கம் திருப்பினேன். "எல்லாத்தையும் மாத்து" என்றேன். ஒவ்வொரு "இல்லை"யையும் அடித்துவிட்டு "ஆமாம்" என்று எழுதினாள். வாளி, ஆமாம். போன், ஆமாம். செவ்வாய்க்கிழமை, ஆமாம். முதலாளி, ஆமாம், அவரிடம் லீவு கேட்கும்போது சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு குழாய், ஆமாம். அதற்குக் காரணம் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பதினோராவது வரியில் கை நின்றது. சாம்பல் நிற வேன்.

"இது?" என்றேன்.

"இது நெஜமாவே இல்லடா. அது எதிர்க் கடைக்குப் பால் போடுற வேன். நான் கிளம்புற நேரமும் அது கிளம்புற நேரமும் ஒண்ணு."

எனக்கு எவ்வளவு ஏமாற்றம் தெரியுமா? அந்த வேனும் உண்மையாக இருந்திருந்தால் இருபது வருட வியாதி ஒரே மத்தியானத்தில் குணமாகியிருக்கும். பதினேழில் பதினாறு. ஒன்று என்னுடையது.

"இத நான் எப்படி நம்புறது?" என்று கேட்டேன். "மத்ததுக்கும் இப்படித்தானே இல்லன்னு எழுதின? இனிமே நீ இல்லன்னு எழுதினா நான் எதப் பிடிச்சுக்கிட்டு நம்புவேன், சொல்லு?"

   அவள் பட்டையை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, பதினோராவது வரியில், "இல்லை" என்பதற்குப் பக்கத்தில், தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இதுவரை நோட்டில் அவள் கையெழுத்துப் போட்டதே இல்லை. கவுன்ட்டரில் கையெழுத்துப் போட்ட பிறகு நாங்கள் மறு கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அந்த வேனைப் பார்த்தபோது அது என்னைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. ஆனாலும் நின்று பார்த்தேன். இரண்டு பால் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் போனது.

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் நோட்டை முதல் வரியில் இருந்து மறுபடி படித்தார். அவர் முகம் என்னவோ ஆயிற்று. என்ன அது என்று கேட்டேன். "வெட்கம்" என்றார். மாத்திரையை ஒரேயடியாகக் குறைக்க முடியாது, மெதுவாகத்தான் குறைக்க வேண்டும் என்றும், இனிமேல் என்னையும் தனியாகக் கேட்பதாகவும் சொன்னார். பாக்கெட் மேசை திரும்பக் கிடைக்குமா என்று மேனேஜரைக் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அது ஆமாமா, இல்லையா என்று கேட்டேன். "இது பாக்கலாம்" என்றார்.

ஆபரேஷனும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். இந்தத் தடவை நானும் கூடப் போனேன். ஒரு நர்ஸ் வந்து அக்காவின் வலது மணிக்கட்டில் புதுப் பட்டை ஒன்றை மாட்டினார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. தூக்கமா, யோசனையா, என்மேல் கோபமா, தெரியவில்லை. நோட்டை எடுத்தேன். முதல் கட்டத்தில், அக்கா பேசவில்லை, கால் விரல்களை மடக்கி வைத்திருக்கிறாள் என்று எழுதினேன். இரண்டாவதில், பயப்படுகிறாள் என்று எழுதினேன். அவளிடம் நீட்டினேன்.

வாங்கிப் படித்தாள். பேனாவைக் கேட்டாள். பட்டை மாட்டிய கையால் "ஆமாம்" என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

"இது பயம்" என்று வாயாலும் சொன்னாள்.

"எனக்கும்" என்றேன்.

அதற்குள் சக்கர வண்டி வந்துவிட்டது. ஆஸ்பத்திரி உடையை மாட்டி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் கழற்றிய துணிகளை நர்ஸ் என் கையில் கொடுத்தார். மேலே அந்தச் சாம்பல் ஸ்வெட்டர் இருந்தது. வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாக்கெட்டிலும் மெதுவாகக் கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.